கத்தியின் கூரும் தோல்வாரின் பணியும்

"தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கலாமா?" என்பது நம் நாட்டுப் பழமொழிகளுள் ஒன்று. உதவி செய்தவருக்கே தீங்கு நினைப்பவனைக் குறித்து நம் பெரியோர் இதனைச் சொல்வர். இதன் உட்பொருளை அறியாதார் இலர். புறப்பொருளைச் சிந்தித்தாரோ சிலரே. கத்தியைத் தீட்டுவது கல்லில் அன்றோ? இங்கே மரம் எங்ஙனம் வந்தது? கழனியில் வேலை செய்வோர் ஒரு கட்டையின்மேல் வெண்கற்பொடியைத் தூவி, அரிவாளின் வாயை அதன்மேற் சாய்த்து இழுத்துக் கூராக்குவது நாட்டுப்புறங்களிற் பழைய வழக்கம். அக்கட்டையே பழமொழி கூறும் மரம். கல்லிற் சாணை பிடித்தபின், அதனினும் மெல்லிய பொருளொன்றின்மேல் இழுத்து முடிக்கும் இரண்டாந் தொழில் ஒன்று உண்டென்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உழவனுக்கு அம்மெல்லிய பொருள் கட்டை, நாவிதருக்குத் தோல்வார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திக்கும் அத்தோல்வாரே உற்ற துணை.

இச்சிறு தோல்வாரைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை எழுதலாமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். அன்பர்காள்! அதனைப் பற்றிச் செல்லுங்கால் நாம் சேலத்து உலைக்களங்களையும், லண்டன் மாநகரத்துக் கத்திக் கடைகளையும், பாரிஸ் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் எழுதிய நூலையும் காண நேரிடும். நம்மவருள் உலையும் துருத்தியுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. ஆகலின் இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று.

முதலில் அடியேன் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். இளமையில் எனக்கு ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. அதனை ஒரு கல்லில் இட்டு ஒரு நாழிகைக்கு மேல் தேய்த்தேன். விரலால் தடவினால் வாய் சுரசுரவென்று பிடித்தது. ஆயினும் ஒரு காகிதத்தை வெட்ட முயன்றால் கிழித்ததே அன்றி அறுக்கவில்லை. எங்கள் ஊர் உலைக்களத்துப் பெரியவரிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கல்லு செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. நீதான் இன்னும் முடிக்கவில்லை" என்றார். "ஐயா, இன்னும் தேய்க்கவேண்டுமா?" என்றேன். "தேய்த்தது போதும், இனித் தடவவேண்டும்" என்று சொல்லி, பழைய இடுப்புவார்த் துண்டொன்றை எடுத்துத் திண்ணைத் தூணிற் கட்டினார். கத்தியைப் பத்துப் பன்னிரண்டு முறை அதன்மேல் இப்புறமும் அப்புறமும் இழுத்தார். அதே காகிதம் ஓசையின்றி இரண்டாயிற்று. நான் உடனே கத்தியை வாங்கி, கல்லில் தேய்த்ததுபோலவே வாயை முன்னே தள்ளினேன். தோலில் நீளமாக ஒரு வெட்டு விழுந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. "கல்லில் வாய் முன்னே போகலாம், தோலில் முதுகுதான் முன்னே போகவேண்டும்" என்றார். அவ்வொரு வாக்கியம் இக்கலையின் பாதி என்று பிற்காலத்தில் அறிந்தேன்.

இதன் காரணம் யாதெனில், கல் என்பது எஃகைத் தின்னும் பொருள். கத்தியின் இருபக்கங்களும் கல்லில் தேய்ந்து ஒன்றையொன்று சந்திக்குமிடமே வாய். அவ்விடத்தில் எஃகு மிக மெல்லியதாகிவிடுவதால், தேய்ந்து உதிர்வதற்குப் பதிலாக ஒரு பக்கமாக மடிந்து நிற்கும். அதனையே பிசிறு என்கிறோம். விரலுக்குச் சுரசுரப்பாகத் தோன்றுவது கூர் அன்று, பிசிறே. பிசிறோடு கூடிய கத்தி முதல் வெட்டிற் கூரியதுபோல் தோன்றி, இரண்டாம் வெட்டில் மடங்கி மழுங்கும். மேலும் மேலும் கல்லிலிட்டுத் தேய்த்தால் பிசிறு ஒரு பக்கத்தினின்று மறுபக்கத்திற்கு மாறுமே ஒழிய நீங்காது. தோலோ மென்மையும் சிறிது நெகிழ்ச்சியும் உடையது. அதில் நுண்ணிய பொடி கலந்த பசையைத் தடவிக் கத்தியை முதுகு முன்னாக இழுக்கும்போது, அப்பிசிறு மெல்லமெல்லத் தேய்ந்து நீங்குகிறது. கல் விட்டுச்சென்ற கீறல்களும் மெருகேறி மறைகின்றன. வாயை முன்னே தள்ளினால் கத்தி தோலை வெட்டும். தோலும் வாயைக் கெடுக்கும்.

இனிச் சரித்திரத்திற்கு வருவோம். ஐரோப்பிய தேசங்களில் உலோகப் பேனா முள் பரவுவதற்கு முன், பல நூற்றாண்டுகளாகப் பறவையிறகே எழுதுகோலாக இருந்தது. இறகின் முனை எழுத எழுத மழுங்குமாதலால், எழுதுவோர் அதனை அடிக்கடி சீவ வேண்டியிருந்தது. அதற்கென்று பையில் வைத்துக்கொண்ட சிறு கத்தியே பேனாக்கத்தி எனப்பட்டது. நம் நாட்டிலும் இதற்கு நிகரானதொன்று இருந்தது. ஏட்டில் எழுதிய புலவர்களும் கணக்கர்களும் கையாண்ட எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. அதன் ஒருபுறம் எழுதும் ஊசியும் மறுபுறம் ஓலையை நறுக்கும் கத்தியும் இருந்தன. இரண்டும் பிடியினுள் மடங்கும். இறகைச் சீவினவனுக்கும் ஓலையை நறுக்கினவனுக்கும் வேண்டியது ஒன்றே: சிறிய, ஆனால் மிகக் கூரிய வாய். இறகு பிளவுபட்டால் எழுத்துக் கெடும். ஓலை கிழிந்தால் ஏடு கெடும். ஆகையால் கல்வி பரவிய தேசங்களிலெல்லாம் சிறு கத்தியின் கூரைப் பற்றிய கவலையும் உடன் பரவிற்று.

அத்தகைய ஒரு பேனாக்கத்தியே நம் நாட்டு எஃகின் புகழை ஆங்கில தேசத்து விஞ்ஞான சபையில் நிலைநாட்டிய கருவிகளுள் ஒன்று என்பதை நம்மவர் பலர் அறியார். 1794ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்த ஹெலினஸ் ஸ்காட் என்னும் வைத்தியர், இந்நாட்டு எஃகுக் கட்டிகள் சிலவற்றை லண்டனிலிருந்த ராயல் ஸொஸைட்டியின் தலைவர் ஸர் ஜோஸப் பாங்க்ஸ் என்பாருக்கு அனுப்பினார். அவ்வெஃகை அங்குள்ளார் 'ஊட்ஸ்' என்று வழங்கினர். அது கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு என்பது அறிஞர் பலர் கருத்து; நம் 'உருக்கு' என்னும் சொல்லும் அதற்கு உறவே. ஜார்ஜ் பியர்ஸன் என்னும் ரஸாயன அறிஞர் அக்கட்டிகளைப் பலவாறு சோதித்து, 1795ஆம் ஆண்டில் அச்சபையின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அக்கட்டுரையிலேதான் நம் கதைக்குரிய செய்தி இருக்கிறது. லண்டன் நகரத்திற் கத்தியும் சஸ்திர சிகிச்சைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர், தலைவரின் விருப்பத்திற்கிணங்க, அவ்வெஃகின் ஒரு துண்டைத் தம் கையாலேயே அடித்து ஒரு பேனாக்கத்தி செய்தார். அதனை அடிப்பது மிகக் கடினமாக இருந்தது. ஆயினும் கத்தி முடிந்தபோது, அதன் வாய் அந்நாட்டின் மிகச் சிறந்த எஃகுக் கத்திக்குச் சிறிதும் தாழாமல் வெட்டிற்று. இவ்வெஃகு பல காரியங்களுக்கு அந்நாட்டு எஃகினும் மேலானது என்றும், இன்னும் நுண்ணிய, வலிய, நெடுநாள் நிற்கும் கூரைத் தாங்கும் என்றும் ஸ்டோடார்ட் கருதினார். அதன்பின் சவரக் கத்திகளையும் வைத்தியர் கருவிகளையும் இந்திய எஃகினாற் செய்து, அதனைத் தம் கடையின் விளம்பரச் சீட்டிலும் பெருமையாக அச்சிட்டு வழங்கினார்.

இத்தகைய எஃகு நம் தமிழ்நாட்டிலும் உண்டாயிற்று. கொங்குநாட்டுக் கொடுமணலில் நடந்த அகழாய்வு, இரும்பும் எஃகும் செய்யுந்தொழில் இப்பகுதியில் மிகப் பழமையானதெனக் காட்டியுள்ளது. பிற்காலத்து முறையையோ, பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டில் இரும்புத் தொழிற்சாலை தொடங்கிய ஜோஸையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1839ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக்கி மண் மூசையில் இட்டு, ஆவாரங்கட்டைத் துண்டுகளையும் உடன் வைத்து, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பர். இவ்வாறு 20 முதல் 24 வரை மூசைகளைச் சிறு உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, துருத்தி கொண்டு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஊதுவர். மூசையை ஆறவிட்டு உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். காய்ந்த கட்டையும் பச்சிலையும் கரியாகி அக்கரி இரும்பிற் கலப்பதனாலேயே இரும்பு எஃகாகிறது. இன்றைய ரஸாயனம் நீண்ட சொற்களாற் சொல்லும் உண்மையை நம் நாட்டுத் தொழிலாளர் ஆவாரங்கட்டையாலும் எருக்கிலையாலும் நடத்திக் காட்டினர்.

ஆனால் அன்பர்களே, இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்று உண்டு. பியர்ஸன் பெயரும், ஸ்டோடார்ட் பெயரும், எஃகை அனுப்பிய ஸ்காட்டின் பெயரும், பெற்றுக்கொண்ட பாங்க்ஸின் பெயரும் ஏட்டில் நிற்கின்றன. அக்கட்டியை உருக்கினவர் பெயர் அக்கட்டுரையில் எங்கும் இல்லை. அவர் தம் வித்தையைத் தம் மகனுக்குக் கையாற் காட்டினார், எழுத்தில் வைத்திலர். மகன் கை உள்ளவரையில் வித்தை இருந்தது. கை ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது.

இதற்கு மாறான வழியொன்றைப் பாரிஸ் நகரத்திற் காண்கிறோம். அங்கே ஜான் ஜாக் பெரே என்னும் கத்தி செய்யுந் தொழிலாளர் ஒருவர் இருந்தார். அவர் 1769ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ஒருவன் தனக்குத் தானே சவரஞ் செய்துகொள்ளக் கற்பிப்பது அந்நூலின் நோக்கம். கருவிகளைத் தீட்டுதற்குரிய கற்கள் எவையென அறியும் வகையும், சவரக் கத்தியைத் தீட்டும் தோல்களைத் தயாரிக்கும் முறையும் அந்நூலில் அடங்கியிருப்பதாக அதன் தலைப்புப் பக்கமே கூறுகிறது. தொழிலாளர் ஒருவர் தம் தொழிலின் நுட்பத்தை, அதுவும் தோல்வாரைப் பற்றிய நுட்பத்தை, எல்லாரும் படிக்கும்படி அச்சேற்றியது அக்காலத்திற் சிறிய செயலன்று. பின்னர் அவர் கத்தித் தொழில் முழுவதையும் சித்திரங்களோடு விளக்கும் பெருநூலொன்றை அந்நாட்டு விஞ்ஞான சபையின் வரிசையில் எழுதினார். பெரே மறைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர் கடையில் நடந்த வேலையை இன்றும் நாம் படித்தறியலாம்.

அமெரிக்க தேசத்துப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளினும் தம் சுயசரிதத்தில் இதையொத்த ஒரு கருத்தை வெளியிட்டிருக்கிறார். ஓர் ஏழை வாலிபனுக்குப் பெருந்தொகையைக் கொடுப்பதினும், அவனுக்குச் சவரஞ் செய்துகொள்ளவும் தன் கத்தியைப் பக்குவமாக வைத்துக்கொள்ளவும் கற்பிப்பது அவன் வாழ்க்கைக்கு அதிக இன்பம் தரும் என்பது அவர் கருத்து. பணம் செலவாகிவிடும், கைக்கு வந்த வித்தையோ நாள்தோறும் பயன்படும் என்பதே அதன் சாரம்.

லண்டன் நகரத்திலோ வேறொரு காட்சி. ஸ்டோடார்ட் பேனாக்கத்தியை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரத்தில், ஜார்ஜ் பாக்வுட் என்பவர் சவரக் கத்தி தீட்டும் தோல்வாரையும் அதற்குரிய பசையையும் விற்றுவந்தார். அவர் செய்த விளம்பரம் அந்நாளில் அரியது. பாட்டாகவும், விடுகதையாகவும், இருவர் உரையாடலாகவும் பல பத்திரிகைகளில் எழுதுவித்து, தம் தோல்வாரின் பெயரை நகரமெங்கும் முழக்கினார். 1796ஆம் ஆண்டில் அவ்விளம்பரங்களைத் தொகுத்து ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். வியாபார சரித்திரம் எழுதுவோர் இன்றும் அவரை விளம்பரக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக எடுத்துக்காட்டுவர். அவரைக் குறை கூறுவது என் கருத்தன்று. தோலும் பசையும் நல்லனவாயின் விற்பதில் தவறில்லை. ஆயினும் வேற்றுமையை நோக்குங்கள். பெரே முறையை எழுதினார். பாக்வுட் பொருளை விற்றார். பொருளை வாங்கினவன் அது தேய்ந்தால் மறுபடியும் வாங்கவேண்டும். முறையைக் கற்றவனுக்குப் பழைய இடுப்புவார்த் துண்டே போதும்.

ஸ்டோடார்ட் நம் நாட்டு எஃகை அத்துடன் விட்டாரல்லர். பிற்காலத்தில் மின்சாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே என்பார் அப்போது இளைஞர். கொல்லர் ஒருவரின் புதல்வர். அவ்விருவரும் சேர்ந்து, இந்திய எஃகின் மேன்மைக்குக் காரணம் யாதென ஆராயப் புகுந்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலிய உலோகங்களைக் கலந்து பார்த்தனர். 1820ஆம் ஆண்டிலும் 1822ஆம் ஆண்டிலும் அதன் பயனைக் கட்டுரைகளாக வெளியிட்டனர். தாம் ஆக்கிய எஃகினாற் செய்த சவரக் கத்திகளைப் பாரடே தம் நண்பர்களுக்குப் பரிசாக அளித்ததுண்டு. 1823ஆம் ஆண்டில் ஸ்டோடார்ட் இறந்தார். சிறிது காலத்தில் அவ்வாராய்ச்சியும் நின்றது. அவர்கள் முழு இரகசியத்தைக் கண்டிலர். எனினும் எஃகிற் பிற உலோகங்களைக் கலந்து ஆராயும் பெருந்துறைக்கு அஃது ஒரு தொடக்கமாயிற்று. அதற்குத் தூண்டுகோலாய் நின்றது நம் நாட்டு மூசையில் விளைந்த கட்டி.

காலம் மாறிற்று. ஷெபீல்டு நகரத்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பவர் 1740ஆம் ஆண்டுகளிலேயே மூசையில் எஃகு உருக்கும் முறையொன்றைக் கண்டிருந்தார். 1856ஆம் ஆண்டில் ஹென்றி பெஸ்ஸெமர் பெருமளவில் மலிவாக எஃகு செய்யும் முறையை அறிவித்தார். யந்திரசாலை எஃகு கப்பலேறி இந்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தது. ஒரு சமயத்திற் சில இராத்தல் மட்டுமே தரும் நம் மூசைகள் அதனோடு எவ்வாறு போட்டியிடும்? 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இத்தொழில் பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

எஃகு செய்யும் வித்தை இவ்வாறு போயிற்றென்றால், கூர் முடிக்கும் வித்தைக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் கிங் காம்ப் ஜில்லெட் என்பார், தீட்டவே வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடத்தக்க மெல்லிய தகட்டைச் சவரத்திற்குப் புகுத்தினார். 1903ஆம் ஆண்டில், விற்பனை தொடங்கிய முதல் வருஷத்தில், விற்றவை 51 கருவிகளும் 168 தகடுகளுமே. 1904ஆம் ஆண்டில் அவருக்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. முதல் உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்கப் போர்வீரருக்கென்று சுமார் 35 லட்சம் கருவிகள் அவர் கம்பெனியிலிருந்து சென்றன. வீடு திரும்பிய வீரர் அவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். இடையில் ஹென்றி கெயிஸ்மன் என்பவர், தகட்டைக் கழற்றாமலே தோல்வாரில் இழுத்துத் தீட்டிக்கொள்ளும்படி ஒரு கருவியை அமைத்து விற்றார். எறிவதற்கும் பேணுவதற்கும் நடுவே நின்ற முயற்சி அது. 1930ஆம் ஆண்டில் அவர் கம்பெனியும் ஜில்லெட் கம்பெனியும் ஒன்றாயின. நாளடைவில் தோல்வார் மறைந்தது. எறியும் தகடு நின்றது.

நம் ஊர்களிலும் நாவிதர் அடைப்பத்தில் இருந்த நீண்ட கத்தியும் தோல்வாரும் சென்ற நூற்றாண்டின் இறுதியிற் பெரும்பாலும் நீங்கி, ஒருவருக்கு ஒன்றாக உபயோகித்து எறியும் தகடு வந்திருக்கிறது. இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்களைத் தடுக்க இது நல்லதே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் மூன்று தலைமுறையாகக் கையில் இருந்த ஒரு பழக்கம் அத்தகட்டோடு குப்பைக்குப் போயிற்று. இன்று மடக்குக் கத்தி வாங்கும் இளைஞன், அது மழுங்கினவுடன் வேறொன்று வாங்குகிறான். அல்லது என்னைப்போலக் கல்லிலேயே தேய்த்துத் தேய்த்து அதனைப் பாழாக்குகிறான்.

இவ்விரண்டு வித்தைகளையும் ஒருவரே மீண்டும் ஆராய்ந்தார் என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவில் அயோவா மாகாணத்துச் சர்வகலாசாலையில் உலோகவியற் பேராசிரியராயிருந்த ஜான் வெர்ஹோவன் என்பவர், கத்தி செய்யும் தொழிலாளர் ஆல்பிரட் பெண்ட்ரே என்பாரோடு சேர்ந்து பழைய ஊட்ஸ் எஃகை மறுபடியும் உருவாக்க முயன்றார். அவ்வெஃகினாற் செய்த வாள்களின்மேல் நீரலைபோலத் தோன்றும் கோலத்திற்கு, இரும்புத் தாதுவில் மிகச் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற பொருள்கள் முக்கிய காரணமென்று 1998ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். அதே வெர்ஹோவன் 2004ஆம் ஆண்டில், தீட்டிய கத்தி வாய்களை எலெக்ட்ரான் நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் படம் பிடித்து ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். அதிற் கண்டது யாது? வெறுந்தோலில் இழுப்பதனால் வாயிற் பெரிய மாறுதல் உண்டாகவில்லை. குரோமியம் ஆக்ஸைடு என்னும் பச்சைப் பொடி கலந்த பசையைத் தடவிய தோலோ, கல் விட்ட பிசிறை மிகவும் குறைத்து வாயை நேராக்கிற்று. கட்டையின்மேல் வெண்கற்பொடியைத் தூவிய நம் உழவன், பொடியின்றித் தீட்டினானல்லன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழிற்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மற்றோர் ஐயத்தைத் தீர்த்தனர். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிரை மழிப்பதனால் எஃகு ஏன் மழுங்குகிறது? கத்தியின் வாய் சிறிது சிறிதாகத் தேய்வதே காரணமென்று பலர் எண்ணியிருந்தனர். அவர்கள் கண்டதோ வேறு. மயிர் வளைந்து, ஒரு கோணத்தில் வாயைத் தாக்கும்போது, எஃகின் உட்கட்டமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களிற் சிறு சில்லுகள் பெயர்கின்றன. மென்மையானது வன்மையானதைக் கெடுக்கும் விதம் அது. மென்மையான தோல் வன்மையான எஃகைத் திருத்தும் விதத்தை முன்னே கண்டோம். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: வாயின் விளிம்பு மிக மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். மயிரின் பருமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் வரை. நன்றாக முடித்த சவரக் கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அத்துணை மெல்லிய இடத்தில் வலிமையாற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பொறுமையாலேயே எல்லாம் ஆகும்.

இனி முறையைச் சுருக்கிச் சொல்லுகிறேன். வீட்டிலுள்ள இளைஞர் கவனிக்க. ஒரு சாண் நீளமும் மூன்று விரல் அகலமும் உள்ள சமமான பலகையில், மடிப்பும் வெட்டும் இல்லாத தோல் துண்டொன்றை நன்றாக ஒட்டிக்கொள்ளவேண்டும். தொங்கவிட்ட வார் சவரக் கத்திக்கு ஏற்றது. மடக்குக் கத்திக்குப் பலகையில் ஒட்டிய தோலே நல்லது. தொங்கும் வார் தொய்ந்து, கத்தியின் வாயை உருட்டிவிடும். கடைகளில் விற்கும் பச்சைப் பசையைத் தோலின்மேல் மெல்லியதாகத் தேய்க்கவேண்டும், அப்பினால் பயனில்லை. கத்தியைக் கல்லில் எந்தச் சாய்வில் வைத்தோமோ அதே சாய்வில், அல்லது அதனினும் சிறிது தாழ்த்தி வைத்து, முதுகு முன்னும் வாய் பின்னுமாக, அடியிலிருந்து நுனிவரை தோலிற் படும்படி இழுக்கவேண்டும். கத்தியின் கனமே போதும். கை அழுத்தினால் தோல் அமுங்கி வாயைச் சுற்றி எழும்பி, கூரை உருண்டையாக்கிவிடும். இழுப்பு முடியுமிடத்திற் கத்தியை நிறுத்தி, பின் எடுத்துத் திருப்பவேண்டும். தோலிலிருக்கும்போதே திருப்பினால் அவ்வளவு உழைப்பும் வீண். இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்றாக மாற்றி, பக்கத்திற்குப் பத்து முதல் இருபது முறை இழுத்தால் போதும். கூரைப் பெருவிரலிற் சோதியாமல் காகிதத்திற் சோதியுங்கள். முற்றும் மழுங்கிய கத்தியைத் தோல் திருத்தாது. அதற்குக் கல்லே வேண்டும். கூர் சிறிது குறையத் தொடங்கும்போதே தோலை நாடினால், கல்லை நாடவேண்டிய முறை மிகக் குறையும். கத்தியும் நெடுங்காலம் உழைக்கும். சிறுவர்கள் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும்.

இவ்வளவே முறை. ஒரு நாளில் எழுதிவிடலாம்; ஆறு நாளிற் பழகிவிடலாம். ஆயினும் இத்துணைச் சிறிய முறையை எனக்குக் கற்பிக்க, கோபியாமல் தம் தோல்வாரில் ஒரு வெட்டைப் பொறுத்துக்கொண்ட பெரியவர் ஒருவர் வேண்டியிருந்தார். அவர் இன்றில்லை. மூசையில் எவ்வளவு நேரம் ஊதவேண்டுமென்று அவருக்கு அவர் பாட்டனார் சொன்னதாக ஒருநாள் சொன்னார். நான் அப்போது அதனைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்நஷ்டத்தை எவ்வளவு வருந்தினாலும் ஈடுசெய்ய இயலாது. நம் வித்தைகள் கெட்டமைக்கு யந்திரசாலைகளையும் கப்பல்களையும் மட்டும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எளிது. பெரே எழுதியதுபோல நம்மவர் எழுதவில்லை என்பதும், எழுதத் தெரிந்த நாம் சென்று கேட்கவில்லை என்பதும் உண்மையே.

ஆகலின் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் அல்லது தெருவில், உலையோ உளியோ கத்தியோ கையாண்ட முதியவர் ஒருவர் இருப்பாராயின், இவ்வாரமே அவரிடம் செல்லுங்கள். அவர் கல்லையும் கட்டையையும் தோலையும் எங்கே வாங்கினார், எவ்வாறு பதப்படுத்தினார், எந்தப் பொடியைத் தூவினார், எத்தனை முறை இழுத்தார் என்று கேட்டு, அவர் வழங்கும் சொல்லாலேயே எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரையும் அத்தாளின் தலைப்பில் எழுதுங்கள். அந்த மூசைக்காரர் பெயர் லண்டன் ஏட்டில் இல்லாமற்போனதுபோல் இவர் பெயரும் போகவேண்டுவதில்லை.

நமக்குக் கூர் தந்த மரம் நம் முன்னோர் கை. தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது எவ்வளவு குற்றமோ, அம்மரம் இருந்ததையே மறந்துவிடுவதும் அவ்வளவு குற்றமே அன்றோ?